இயற்கை பேஸ்ட்டுக்கு மாறினா "நச்சு வெளியேறும்"னு பெட்டியில போட்டிருக்கே, நிஜமா?

மாறப்போறவன் | பிப்ரவரி 4, காலை 7.10

பழைய பேஸ்ட்டை நிறுத்திட்டு இயற்கைன்னு போட்ட ஒண்ணுக்கு மாறலாம்னு பார்க்கிறேன். பெட்டியிலயே எழுதியிருக்கு: "முதல் இரண்டு வாரம் வாயிலுள்ள நச்சு வெளியேறும். பல் கூசலாம், ஈறில் ரத்தம் கசியலாம். தொடர்ந்து பயன்படுத்தவும்." இது நிஜமா, கதையா? மாறணும்னா எதைப் பார்த்து மாறணும்? ஃப்ளூரைடு விஷம்ங்கிற கட்சி, இயற்கைன்னாலே ஏமாத்துங்கிற கட்சி, ரெண்டு பேர் சண்டையும் படிச்சு அலுத்துப்போச்சு. வேலைக்கு ஆகுற பதில் வேணும்.

குழைகல் | பிப்ரவரி 4, காலை 9.35

கதைதான். வாயிலிருந்து எந்த நச்சையும் பேஸ்ட் இழுத்து வெளியே போடாது. ஈறில் ரத்தம் வந்தால் ஈறு வீங்கியிருக்கிறது, பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் அழுக்குப் படலம் தங்குகிறது, அவ்வளவே. ஒழுங்காகத் தேய்த்தும் இரண்டு வாரத்தில் நிற்கவில்லை என்றால் டென்டிஸ்ட்டிடம் போக வேண்டியதுதான். பெட்டியைப் படித்து மனசைத் தேற்றிக்கொண்டிருந்தால் ஆகாது.

கூச்சத்துக்குக் காரணம் வேறு. பழைய டியூபைத் தூக்கிப் போடும் முன் அதன் பின்பக்கத்தைப் படியுங்கள். 5% பொட்டாசியம் நைட்ரேட் என்று இருந்தால் உங்களுடையது ஏற்கெனவே கூசுகிற பல். அந்த உப்பு நரம்பை அடக்கி வைத்திருந்தது. அது பிடிக்க 2 முதல் 4 வாரம் ஆகும், நிறுத்தினால் பலனும் மெல்ல மெல்லப் போய்விடும். 0.454% ஸ்டானஸ் ஃப்ளூரைடு இருந்தால், எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினின் நுண்குழாய் வாய்களை அடைத்து வைத்திருந்தது அதுதான். அதை நிறுத்தினால் அடைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்னும். மருந்தை நிறுத்தியதன் விளைவுக்கு நச்சு என்று பெயர் வைத்து விற்கிறார்கள்.

மொத்தத்துக்கும் நான் சொல்வது இதுதான். ஒரு டியூபுக்குள் பல வேலை நடக்கிறது: தேய்ப்பது, நுரைப்பது, சொத்தையைத் தடுப்பது, காரை (படலம் இறுகிக் கல்லாவது) கட்டாமல் பார்ப்பது, கூச்சத்தை அடக்குவது, ருசி தருவது. மாறும்போது இதில் எதெது போகிறது, போனதுக்குப் பதில் என்ன வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நுரையும் நிறமும் போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடு போனால் யோசிக்க வேண்டும்.

கடைவாய் | பிப்ரவரி 4, மதியம் 1.20

மாறும் முன் ஒரு தடவை பல்லைக் காட்டிவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. அண்மையில் புதுச் சொத்தை வந்தவர்கள், வாய் உலர்ந்துபோகிறவர்கள், தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்கள், பல்லுக்குக் கம்பி போட்டவர்கள், ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிறவர்கள்: இவர்கள் ஃப்ளூரைடை விடக் கூடாது. வாய் உலர்வதற்கு வயது மட்டும் காரணமில்லை. அலர்ஜி மாத்திரை, மன அழுத்த மாத்திரை, சில ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் எல்லாமே உமிழ்நீரைக் குறைக்கும். உமிழ்நீர்தான் அமிலத்தைக் கழுவி, கால்சியத்தைத் திரும்பக் கொண்டுவந்து பல்லில் சேர்ப்பது. அது குறைந்த வாயில் பேஸ்ட்டின் பொறுப்பு இரட்டிப்பாகிவிடும்.

வேர் தெரிகிறவர்களைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. எனாமல் கரையத் தொடங்கும் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5. வேரில் எனாமல் கிடையாது; அங்கே 6.2 முதல் 6.7க்குள்ளேயே கரைய ஆரம்பித்துவிடும். இனிப்பு சாப்பிட்ட சில நிமிடங்களில் படலத்தின் பி.எச். 5.5க்குக் கீழே இறங்கும், ஏறி வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க வேர் அடி வாங்கிக்கொண்டே இருக்கும். ஃப்ளூரைடு சேர்ந்து இறுகிய படிகம் என்றால் 4.5 வரை தாங்கும்.

நுரைப்பிரியர் | பிப்ரவரி 4, இரவு 8.02

நுரை வரலேன்னா தேய்ச்ச மாதிரியே இல்லியே சார். அது என்னன்னு சொல்லுங்க.

குழைகல் | பிப்ரவரி 4, இரவு 8.40

நுரை சுத்தம் செய்வதில்லை. படலத்தை எடுப்பது பிரஷ் நார். நுரையின் வேலை, பேஸ்ட்டை வாய் முழுக்கப் பரப்புவதும் பிய்ந்து வந்ததைத் தண்ணீரோடு கலந்து துப்ப வசதி செய்வதும். அந்த வேலைக்குப் பெரும்பாலும் போடுவது எஸ்.எல்.எஸ்., அதாவது சோடியம் லாரில் சல்ஃபேட். 0.5 முதல் 2% வரை இருக்கும். பல் தேய்த்த கையோடு ஆரஞ்சு ஜூஸ் குடித்தால் கசக்குமே, அது இதன் வேலை: இனிப்பு உணர்வைக் கொஞ்ச நேரம் அமுக்கி, கசப்பைத் தூக்கிக் காட்டும்.

எஸ்.எல்.எஸ். பல்லைக் கெடுக்காது. ஆனால் அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்களுக்கும், கன்னத்தின் உள்பக்கம் மெல்லிய வெள்ளைத் தோல் நூல் நூலாக உரிகிறவர்களுக்கும் அதை விட்டுப் பார்ப்பது நியாயம். விடுவதற்கு ஃப்ளூரைடையும் சேர்த்து விடத் தேவையில்லை. எஸ்.எல்.எஸ். இல்லாத ஃப்ளூரைடு பேஸ்ட் நிறைய இருக்கிறது. கோகமிடோப்ரொபைல் பீட்டைன், டெசில் குளுக்கோசைடு, சோடியம் லாரோயில் சார்கோசினேட் என்று ஏதாவது ஒன்று அந்த இடத்தில் இருக்கும்.

நுரை வராத பேஸ்ட்டுக்குத் தேய்ப்பு மாற வேண்டும். பேஸ்ட்டை ஒரே இடத்தில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தால் அது அங்கேயே நின்றுவிடும். முதலில் நாலு மூலையிலும் புள்ளி புள்ளியாகத் தொட்டுவைத்துவிட்டு, பிரஷை ஈறு விளிம்புக்கு 45 டிகிரி சாய்த்து, இரண்டிரண்டு பல்லாக, 2 நிமிடம். நுரை வாய் நிறைந்ததும் "போதும்" என்று துப்பிவிடுகிற பழக்கம் இதில் செல்லாது, ஏனென்றால் நிறையவே நிறையாது. கடிகாரம் பாருங்கள்.

நுரைப்பிரியர் | பிப்ரவரி 4, இரவு 8.55

பேரை மாத்தணும் போல.

பொடிக்காரர் | பிப்ரவரி 5, காலை 6.30

டியூபே எதுக்குங்க? தேங்காய் எண்ணெய், பேக்கிங் சோடா சம அளவு, நாலு சொட்டு கிராம்பு எண்ணெய். குழைச்சு பாட்டில்ல போட்டா முடிஞ்சுது. பேர் தெரியாத கெமிக்கல் ஒண்ணுமில்ல.

குழைகல் | பிப்ரவரி 5, காலை 10.15

இதில் என்னென்ன கோளாறு வரும் என்று வரிசையாகச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகும். குளிர்ந்தால் கல், வெயிலில் எண்ணெய் மேலே மிதந்து சோடா அடியில் இறங்கிவிடும். கலக்காமல் மேலாக எடுத்தால் வெறும் எண்ணெயைத்தான் தேய்க்கிறீர்கள். வாஷ்பேசினில் துப்பினால் குழாய்க்குள் போய் உறைந்து அடைக்கும். எண்ணெய் பூசின பல் வழவழவென்று இருப்பதால் சுத்தமாகிவிட்டது மாதிரி நாக்குக்குத் தோன்றும், ஆனால் படலம் எடுபட்டதா என்பதற்கு அது சாட்சி இல்லை.

பேக்கிங் சோடா நல்ல பொருள். மென்மையானது, கரைசலின் பி.எச். 8.3 வாக்கில் இருப்பதால் அமிலத்தையும் தணிக்கும். ஆனால் எண்ணெய்க்குள் சிக்கிய சோடா சட்டென்று கரைந்து வராது. கிராம்பு எண்ணெயின் யூஜினால் நேரே பட்டால் ஈறைச் சுடும், சிலருக்கு உதட்டில் ஒவ்வாமை வரும். "நாலு சொட்டு" எத்தனை கிராமுக்கு என்று சொல்லாமல் இந்தக் குறிப்பு அரைகுறை.

முக்கியமானது: இதில் சொத்தையைத் தடுக்கும் பொருள் ஒன்றுகூட இல்லை.

கடைவாய் | பிப்ரவரி 5, மதியம் 12.45

இன்னொரு கூடுதல். எலுமிச்சைச் சாறு சேர்த்துக் குழைக்கச் சொல்லும் குறிப்புகளும் சுற்றுகின்றன. எலுமிச்சையின் பி.எச். 2 சொச்சம். தனியாகத் தேய்த்தால் எனாமல் கரையும். சோடாவோடு சேர்த்தால் பொங்கிப் புஸ்ஸென்று அடங்கும், மிஞ்சுவது உப்புத் தண்ணீரும் காற்றும். முன்னதில் பல் போகும், பின்னதில் சோடா போகும்.

பொடிக்காரர் | பிப்ரவரி 5, மாலை 5.10

எண்ணெய் வேணாம்னா காய்ஞ்ச பொடியாவே செய்யலாமா? அளவு குடுங்க.

குழைகல் | பிப்ரவரி 5, இரவு 9.20

காய்ந்த பொடி என்றால் எனக்கும் சம்மதம். தண்ணீர் இல்லாததால் கிருமி வளராது, பதப்படுத்தியும் வேண்டாம். வீட்டுப் பேஸ்ட் ஊசிப்போவதே தண்ணீரால்தான்.

100 கிராமுக்கு: வீழ்படிவு கால்சியம் கார்பனேட் 70 கிராம், பேக்கிங் சோடா 20, நன்றாகப் பொடித்த சைலிடால் (சர்க்கரைக்குப் பதில் போடும் இனிப்பு) 10, புதினா எண்ணெய் 10 சொட்டு. எண்ணெயை மொத்தப் பொடியில் விடாதீர்கள், அங்கங்கே கட்டி தட்டி ஒரு நாள் சப்பென்றும் ஒரு நாள் நெருப்பாகவும் இருக்கும். ஒரு கரண்டிப் பொடியில் சொட்டுகளை விட்டுக் கல்வத்தில் அரைத்து, அதே அளவு பொடி சேர்த்து அரைத்து, மறுபடி இருமடங்காக்கி, அப்படியே கடைசி வரை. பிறகு மெல்லிய சல்லடையில் இரண்டு தரம் சலியுங்கள்.

கால்சியம் கார்பனேட் எது என்பது முக்கியம். வீழ்படிவு முறையில் செய்தது சில மைக்ரான் அளவில் சீராக இருக்கும். முட்டை ஓட்டையோ சிப்பியையோ வீட்டில் இடித்தால் வேதியியல்படி அதே பொருள்தான், ஆனால் துகள் கூர் கூராக, பெரிசும் சிறிசுமாக வரும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள்: முகப்பவுடர் மாதிரி வழுக்க வேண்டும். நறநறவென்றால் பல்லில் வைக்காதீர்கள்.

ஈரப் பிரஷை ஜாடிக்குள் விடக் கூடாது. உள்ளங்கையில் கொட்டித் தொட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் செய்யுங்கள்.

இதிலும் ஃப்ளூரைடு கிடையாது. அதனால் காலையில் பொடி, இரவில் ஃப்ளூரைடு பேஸ்ட் என்று வைத்துக்கொள்வது உத்தமம். சோடியம் ஃப்ளூரைடு வாங்கி நாமே கலக்கலாமே என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. ஃப்ளூரைடு உள்ளே போனாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வீட்டுத் தராசில் அந்த அளவெல்லாம் நிறுக்க முடியாது. தப்பித்தவறிச் சரியாகக் கலந்தாலும், சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கால்சியம் ஃப்ளூரைடாகப் படிந்து பல்லுக்குக் கிடைக்காமல் போகும். கம்பெனிக்காரர்கள் கால்சியம் கார்பனேட் பேஸ்ட்டில் சோடியம் மோனோஃப்ளூரோபாஸ்பேட் போடுவதும், சிலிக்கா பேஸ்ட்டில் சோடியம் ஃப்ளூரைடு போடுவதும் இதனால்தான்.

மாறப்போறவன் | பிப்ரவரி 6, காலை 7.45

நான் வாங்கி வெச்சிருக்கிற டியூப்ல இருக்கிறது இது, அதே வரிசையில: கால்சியம் கார்பனேட், கிளிசரின், தண்ணீர், சோடியம் கோகோ சல்ஃபேட், பேக்கிங் சோடா, சாந்தன் கம், புதினா எண்ணெய், ஸ்டீவியா, சோடியம் பென்சோயேட். பெட்டியில பெருசா "எஸ்.எல்.எஸ். இல்லை". பழைய டியூப்ல: சோடியம் மோனோஃப்ளூரோபாஸ்பேட் 1.1%, ஜிங்க் சிட்ரேட், எஸ்.எல்.எஸ். பொட்டாசியம் இல்ல, ஸ்டானஸும் இல்ல.

குழைகல் | பிப்ரவரி 6, காலை 11.05

அருமை, இப்படி எழுதினால்தான் பேச முடியும்.

சோடியம் கோகோ சல்ஃபேட்: தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களைப் பிரிக்காமல் மொத்தமாகச் சல்ஃபேட் ஆக்கியது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். ஆக அந்தப் பொருளில் பாதி எஸ்.எல்.எஸ்.ஸேதான். வாய்ப்புண்ணுக்குப் பயந்து மாறுகிறவர்களுக்கு இந்த டியூபால் லாபம் இல்லை. உங்களுக்கு வாய்ப்புண் தொல்லை இல்லை என்றால் நஷ்டமும் இல்லை.

சோடியம் பென்சோயேட்: அமிலத் தன்மையுள்ள கலவையில்தான் வேலை செய்யும். கால்சியம் கார்பனேட் பேஸ்ட்டின் பி.எச். 8, 9 என்று நிற்கும். அங்கே அது சும்மா உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பேஸ்ட் கெடாமல் இருப்பதற்குக் காரணம், கிளிசரின் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கிருமிக்குக் கொடுக்காமல் இருப்பது. அதனால் பட்டியலில் கிளிசரின் தண்ணீருக்கு முன்னால் வந்திருப்பது நல்ல அடையாளம். தண்ணீர் முதலில், கிளிசரின் கடைசி வரிசையில் என்றால் அதை நான் வாங்கமாட்டேன். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவை அளவு இறங்கும் வரிசையில் எழுதப்படும். அதற்குக் கீழே எதை எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்பதையும் கவனியுங்கள். புதினா எண்ணெய், ஸ்டீவியா எல்லாம் அந்தக் கூட்டம்.

போவது எது? முதலாவது ஃப்ளூரைடு. 1.1% மோனோஃப்ளூரோபாஸ்பேட் என்றால் சுமார் 1450 பி.பி.எம்., அதாவது பேஸ்ட்டின் பத்து லட்சம் பங்கில் 1450 பங்கு ஃப்ளூரைடு. இங்கே பலர் குழம்புவார்கள், ஏனென்றால் சதவீதம் உப்பைப் பொறுத்தது. மோனோஃப்ளூரோபாஸ்பேட் 0.76% என்றால் 1000 பி.பி.எம். சோடியம் ஃப்ளூரைடு 0.32% என்றால் 1450. அதே 1.1% சோடியம் ஃப்ளூரைடாக இருந்தால் 5000 பி.பி.எம்.; அது மருத்துவர் சீட்டோடு வாங்குகிற சமாச்சாரம். சதவீதத்தை விட்டுவிட்டு பி.பி.எம். பாருங்கள்.

இரண்டாவது ஜிங்க் சிட்ரேட். காரை கட்டுவதைத் தள்ளிப்போடுவது அது. புது டியூபில் அதற்கு மாற்று இல்லை. கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கத்தில் சில மாதத்தில் சொரசொரப்பு கூடலாம், கிளீனிங் முன்னைவிட அடிக்கடி தேவைப்படலாம்.

பொட்டாசியமும் ஸ்டானஸும் பழசில் இல்லாததால் உங்களுக்குக் கூச்சம் வர வேண்டிய நியாயமே இல்லை. வந்தால் தேய்க்கும் வேகத்தைச் சந்தேகியுங்கள்.

பொடிக்காரர் | பிப்ரவரி 6, மதியம் 2.30

கிளிசரின் பல் மேல பூச்சா ஒட்டிக்கிட்டு கால்சியம் சேரவிடாதுன்னு படிச்சிருக்கேனே. இருபது தடவை கொப்பளிக்கணும்னு.

கடைவாய் | பிப்ரவரி 6, மதியம் 2.41

கிளிசரின் தண்ணீரில் முழுக்கக் கரையும். உமிழ்நீரும் தண்ணீர்தான். ஆதாரமில்லாத பேச்சு.

கடைவாய் | பிப்ரவரி 6, மாலை 6.15

கொப்பளிப்பது பற்றித் தனியாக. ஃப்ளூரைடு பேஸ்ட் போட்டால் துப்புங்கள், கொப்பளிக்காதீர்கள். கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டியது பேசினில் போகிறது. ஃப்ளூரைடு இல்லாத பேஸ்ட்டில் இந்த விதிக்கு அவசியம் இல்லை, தாராளமாகக் கொப்பளிக்கலாம். ஃப்ளூரைடு மவுத்வாஷ் வைத்திருப்பவர்கள் (0.05% சோடியம் ஃப்ளூரைடு, சுமார் 225 பி.பி.எம்.) அதைப் பல் தேய்த்த உடனே போடாமல் வேறு நேரத்தில் போடுங்கள். 1450 இருக்கிற இடத்தை 225 வைத்துக் கழுவுவதில் என்ன லாபம்? இயற்கைப் பேஸ்ட்டுக்கு மாறினவர்களுக்கு இந்த மவுத்வாஷ் நல்ல பாலம்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் டாக்டர் கொடுத்திருந்தால், எஸ்.எல்.எஸ். பேஸ்ட்டுக்கும் அதற்கும் நடுவே அரை மணி நேரமாவது விட வேண்டும். ஒன்று நேர்மின், ஒன்று எதிர்மின். சேர்ந்தால் இரண்டும் வீண். கோகோ சல்ஃபேட்டுக்கும் இதே கதி.

நுரைப்பிரியர் | பிப்ரவரி 7, காலை 9.00

கரி பேஸ்ட் எப்படி? வாய் கறுப்பா இருக்கிற படமெல்லாம் போடுறாங்களே.

குழைகல் | பிப்ரவரி 7, காலை 10.50

படம் எடுத்துக்கொள்ளலாம்.

தேய்மானத்துக்கு ஆர்.டி.ஏ. என்று ஒரு அளவு உண்டு. ஒரு குறிப்பிட்ட பாஸ்பேட் பொடிக்கு 100 என்று வைத்துக்கொண்டு, டென்டின் எவ்வளவு தேய்கிறது என்று ஒப்பிடுவது. சர்வதேசத் தர வரம்பு 250. பேக்கிங் சோடா மட்டும் என்றால் 7 வாக்கில். கரியில் துகள் அளவு ஆளுக்கு ஆள் மாறும், அதனால் ஒரு கரி பேஸ்ட்டை வைத்து இன்னொன்றைச் சொல்ல முடியாது. கறை போவது தேய்ப்பதால்தான். பல்லின் உள்நிறத்தைக் கரி தொடாது. நுண்துகள்கள் ஃபில்லிங் விளிம்பிலும் கிரவுன் விளிம்பிலும் ஈறு மடிப்பிலும் போய்ச் சாம்பல் கோடாக நிற்கும், அது பிரஷில் வராது. தவிர, கரி எதையும் உறிஞ்சும் குணமுள்ளது. அதோடு ஃப்ளூரைடைக் கலந்தால் எவ்வளவு பல்லுக்குக் கிடைக்கும் என்பது கேள்விக்குறி.

மோஸ் கடினத்தில் எனாமல் 5, கால்சியம் கார்பனேட் 3, பேக்கிங் சோடா 2.5. டென்டின் இந்தக் கடைசி இரண்டுக்கும் பக்கத்தில். எனாமல் முழுசாக இருக்கிறவர் சுண்ணாம்புப் பேஸ்ட்டை அழுத்தித் தேய்த்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஈறு இறங்கினவர் அப்படித் தேய்த்தால் பல்லின் கழுத்தில் ஆப்பு வெட்டின மாதிரி பள்ளம் விழும். அதற்குப் பேஸ்ட் பாதிக் காரணம், பக்கவாட்டில் அறுக்கிற கை பாதிக் காரணம்.

களிமண் பேஸ்ட் பற்றியும் இங்கேயே. பென்டோனைட், கயோலின் இரண்டும் மண்ணிலிருந்து வெட்டுவது. ஈயம் கொஞ்சம் கலந்தே வரும். எவ்வளவு என்பது தோண்டின இடத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு தொகுப்புக்கும் கன உலோகப் பரிசோதனை அறிக்கை தருகிறவரிடம் வாங்குங்கள். கேட்டால் மழுப்புகிறவரிடம் வேண்டாம். குழந்தைகளுக்குக் களிமண் பேஸ்ட்டே வேண்டாம், விழுங்குவார்கள்.

மாறப்போறவன் | பிப்ரவரி 7, இரவு 9.30

ஹைட்ராக்ஸி அபடைட் போட்டா ஃப்ளூரைடே வேணாம்கிறாங்களே? அதைப் பத்தி யாரும் வாயே திறக்கல.

குழைகல் | பிப்ரவரி 8, காலை 8.25

ஃப்ளூரைடு வேண்டவே வேண்டாம் என்று முடிவு கட்டினவர்களுக்கு இப்போதைக்கு உருப்படியான மாற்று அது ஒன்றுதான். பல்லே பெரும்பாலும் அந்தத் தாதுதான். நுண்துகளாகப் போட்டால் எனாமலின் சின்னச் சின்னக் குழிகளில் ஒட்டும், நுண்குழாயை அடைக்கும், அமிலப் பொழுதில் கால்சியமும் பாஸ்பேட்டும் விடும். ஜப்பானில் 1980லிருந்து பேஸ்ட்டில் போடுகிறார்கள். 1993ல் அங்கே சொத்தைத் தடுப்புப் பொருளாக ஏற்றுக்கொண்டார்கள். நானோ வடிவத்துக்கு ஐரோப்பிய நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு 2023ல் பேஸ்ட்டில் 10% வரை சரி என்றது, துகள் ஊசி வடிவில் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

அதே 2023ல் வெளிவந்த 18 மாத ஆய்வு ஒன்றில் பெரியவர்களிடம் ஃப்ளூரைடு பேஸ்ட்டுக்குச் சளைக்கவில்லை என்று வந்தது. பேஸ்ட் தயாரித்த நிறுவனத்தின் ஆட்களும் ஆசிரியர் பட்டியலில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஃப்ளூரைடு பக்கம் ஐம்பது அறுபது வருட ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2003 தொகுப்பில் குழந்தைகளின் நிரந்தரப் பற்களில் சொத்தை சராசரியாக 24% குறைந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க இன்னும் காலம் இருக்கிறது.

வாங்கினால் சதவீதம் எழுதியிருக்கிறதா பாருங்கள். 10% பக்கம் இருந்தால் வாங்கலாம். பட்டியலில் வாசனைக்கும் பின்னால் கடைசியில் ஒளிந்திருந்தால் விளம்பரத்துக்காகத் தூவினது.

கடைவாய் | பிப்ரவரி 8, காலை 9.10

சைலிடாலையும் இப்படித்தான் பெரிதுபடுத்துகிறார்கள். 2015ன் காக்ரேன் தொகுப்பில், ஃப்ளூரைடோடு 10% சைலிடால் சேர்ந்த பேஸ்ட், ஃப்ளூரைடு மட்டும் உள்ளதைவிடச் சொத்தையை 13% கூடுதலாகக் குறைத்தது, அதுவும் நம்பகம் குறைந்த ஆதாரம் என்ற குறிப்போடு. ஃப்ளூரைடு இல்லாத சைலிடால் பேஸ்ட் அதே பலன் தரும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. வீட்டில் நாய் இருந்தால் அந்த டியூபை உயரத்தில் வையுங்கள். கிலோ எடைக்கு 0.1 கிராம் சைலிடாலே நாய்க்கு ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். அந்தப் பொடிக் குறிப்புக்கும் இது பொருந்தும்.

பொடிக்காரர் | பிப்ரவரி 8, மதியம் 3.00

என்ன சொன்னாலும் ஃப்ளூரைடு இயற்கை இல்லீங்களே.

குழைகல் | பிப்ரவரி 8, மாலை 4.45

பாறையிலும் நிலத்தடி நீரிலும் இருப்பது அது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊர்க்காரர்களின் பல்லில் பழுப்புக் கறை. 1901ல் அங்கே வைத்தியம் பார்க்க வந்த ஃபிரெடரிக் மெக்கே அதைத் துருவப்போய், கறை பிடித்த பற்களில் சொத்தை குறைவாக இருப்பதைக் கண்டார். காரணம் அந்த ஊர்த் தண்ணீரில் தானாகவே இருந்த ஃப்ளூரைடு என்று 1931ல் தெரிந்தது. யாரும் கொண்டுபோய்க் கொட்டவில்லை.

ஆனால் அந்தக் கறையையும் மறந்துவிடக் கூடாது. பல் உருவாகும் வயதில் அதிகம் உள்ளே போனால் வருவது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மி.கி. என்பது உலக சுகாதார நிறுவன வரம்பு. கிணற்று நீரில் அதற்கு மேல் இருக்கும் இடத்தில் சிறு குழந்தைக்கு எந்தப் பேஸ்ட், எவ்வளவு என்பதை மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மற்ற இடங்களில் 3 வயதுக்குள் ஒரு அரிசி அளவு, 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு. அரிசி அளவு 0.1 கிராம், 1000 பி.பி.எம். பேஸ்ட்டில் அதில் இருப்பது 0.1 மி.கி. ஃப்ளூரைடு. முழுசாக விழுங்கினாலும் பயமில்லை. பிரஷ் நீளத்துக்குப் பாம்பு மாதிரி பிதுக்குவது விளம்பரத்துக்கு அழகு, குழந்தைக்கு அல்ல.

மாறப்போறவன் | பிப்ரவரி 9, காலை 7.20

சரி, காலைல புதுசு, ராத்திரி பழசுன்னு வெச்சுக்கிறேன். படலம் சரியா போகுதான்னு வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

கடைவாய் | பிப்ரவரி 9, காலை 8.50

நிறங்காட்டும் மாத்திரை இருக்கிறது. உதட்டில் வாசலின் தடவிக்கொண்டு (இல்லாவிட்டால் உதடும் சிவக்கும்) ஒன்றைக் கடித்து, அரை நிமிடம் நாக்கால் சுற்றித் தடவி, ஒரே ஒரு தடவை கொப்பளித்துத் துப்புங்கள். படலம் உள்ள இடம் சிவப்பாக நிற்கும். பழைய பேஸ்ட்டில் தேய்த்த பிறகு ஒரு தடவை, புதியதில் தேய்த்த பிறகு ஒரு தடவை போட்டுப் படம் எடுத்து ஒப்பிடுங்கள். பெரும்பாலும் இரண்டிலும் ஒரே இடம்தான் சிவக்கும்: கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கம், கீழ் முன்பல்லின் உள்பக்கம், வலக்கைக்காரர்களுக்கு வலப்பக்கக் கோரைப்பல் ஓரம். அது பேஸ்ட்டின் குறை இல்லை, கை போகாத இடம்.

இன்னொன்று, ஈறு விளிம்பை ஒட்டிப் பளபளப்பு இல்லாத சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளி தென்பட்டால் தாமதிக்க வேண்டாம். பல்லைத் துடைத்துக் காற்றில் உலரவிட்டால் நன்றாகத் தெரியும். சொத்தையின் முதல் படி அது. குழி விழாத வரை திருப்பிவிடலாம். அன்றைக்கே இரண்டு வேளையும் ஃப்ளூரைடுக்குத் திரும்புங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள்.

நுரைப்பிரியர் | பிப்ரவரி 10, இரவு 10.05

என் பங்குக்கு ஒண்ணு. புது பேஸ்ட் டியூப் வாயில தண்ணியா ஒழுகுது, உள்ள கட்டியா இருக்கு. கெட்டுப்போச்சா?

குழைகல் | பிப்ரவரி 11, காலை 9.40

கெடவில்லை, பிரிந்திருக்கிறது. கோந்து குறைவாகப் போட்டால் சுண்ணாம்பு கீழே இறங்கி கிளிசரின்-தண்ணீர் மேலே வந்துவிடும். மூடியை இறுக்கி, டியூபை இரண்டு கையாலும் நன்றாகப் பிசைந்து, மூடி கீழாக நிறுத்தி வையுங்கள். புளித்த வாடை, புள்ளிப் புள்ளியாக நிறமாற்றம், டியூப் உப்பல் இதில் எது இருந்தாலும் குப்பை. வாய்ப்பக்கம் மட்டும் காய்ந்து கல்லாகியிருந்தால் அந்தத் துண்டைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைத் தேய்க்கலாம்.

டியூப் தொல்லையே வேண்டாம் என்று மாத்திரை வடிவப் பேஸ்ட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. ஃப்ளூரைடு உள்ளதும் இல்லாததும் இரண்டும் கிடைக்கும், படித்து வாங்குங்கள். முன்பல்லால் கடித்துப் பொடியாக்கி, ஈரப் பிரஷால் பரப்பித் தேய்ப்பது, அப்படியே விழுங்குவதற்கில்லை. பாட்டிலைக் குளியலறையில் திறந்து வைத்தால் ஈரம் ஏறி, உள்ளே இருக்கிற சோடாவும் சிட்ரிக் அமிலமும் நம் வாய்க்கு வரும் முன்பே சண்டை போட்டு ஓய்ந்துவிடும், பிறகு கடித்தால் பொங்காது. ஒரு வாரத்துக்கானதைச் சின்ன டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டு பெரிய பாட்டிலை அலமாரியில் வையுங்கள். ஈர விரலை உள்ளே விடாதீர்கள், தட்டி எடுங்கள்.